ஜனப்பெருக்கமும் பட்டணமும் ஏரியும்

பட்டணத்தை அடுத்த கிராமங்களில் அடிக்கடி கேட்கப்படும் குறைகள் இரண்டு. கோடையில் கிணறு வற்றிப்போகிறது என்பது ஒன்று. ஐப்பசி கார்த்திகையில் வீட்டுக்குள் வெள்ளம் புகுகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் ஜனத்தொகை பெருகியதே காரணம் என்று சொல்லி, அத்துடன் விட்டுவிடுவது வழக்கமாயிருக்கிறது. ஜனத்தொகை பெருகியது மெய்யே. ஆயினும், ஒரே ஊரார் ஒரு வருஷம் வெள்ளத்தில் தவிப்பதும், அடுத்த சில வருஷங்களுக்குள் குடிநீருக்குக் குடத்துடன் வரிசையில் நிற்பதும் எவ்வாறு நேர்கின்றன என்பதை அந்த ஒரு காரணம் விளக்கவில்லை. தலைக்கணக்கைக் காட்டிலும் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. நீரை உபயோகிப்பவர் யார், அந்நீரைக் காக்கும் கடமை உடையவர் யார், இவ்விருவரும் ஒருவரேதானா என்பதே அது. பட்டாதார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் இதனைச் செவ்வையாக அறிந்துகொண்டால், தங்கள் ஊர் ஏரி விஷயத்தில் காலத்தில் செய்ய வேண்டியதைச் செய்யக்கூடும்.

1. பட்டணம் பெருகும் வழிகள்

சென்னைப் பட்டணத்தின் ஜனத்தொகை 1871ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 4 லட்சம். 1901இல் அது 5 லட்சத்துக்குச் சற்று மேற்பட்டது. 1941இல் 7¾ லட்சமும், 1951இல் 14 லட்சமும் ஆயிற்று. 2011ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் பட்டணத்துக்குள் மட்டும் 46 லட்சம் பேரும், சூழ்ந்துள்ள புறநகர்களையும் சேர்த்தால் 86 லட்சத்துக்கு மேற்பட்டோரும் இருந்தனர். தமிழ்நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், 1901இல் ஏழு பேரில் ஒருவரே நகரவாசி. 2011இல் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள்.

ஒரு பட்டணம் பெருகுவதற்கு வழிகள் மூன்று. முதலாவது, இறப்பைக் காட்டிலும் பிறப்பு மிகுதல். இரண்டாவது, வெளியூர்களிலிருந்து ஜனங்கள் வந்து குடியேறுதல். மூன்றாவது, சுற்றிலுமுள்ள கிராமங்கள் பட்டணத்தின் எல்லைக்குள் சேர்க்கப்படுதல். இவற்றுள் முதலாவது வழி தமிழ்நாட்டில் பெரிதும் தளர்ந்துவிட்டது. ஒரு ஸ்திரீக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் பிறந்தால் ஒரு தலைமுறைக்குப் பதில் மறு தலைமுறை சரியாக நிற்கும் என்பது கணக்கு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் இது 1.8 மட்டுமே. ஆகவே இக்காலத்தில் பட்டணம் விரிவதற்குக் குடும்பங்களில் குழந்தைகள் மிகுந்ததே காரணம் என்பது பொருந்தாது.

மற்ற இரண்டு வழிகளே இப்போது முக்கியமானவை. மழை தவறியும், கூலி போதாமலும், பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டும் ஜனங்கள் ஊரை விட்டு வருகிறார்கள். அவர்களைக் குறைகூற இடமில்லை. மூன்றாவது வழியோ இப்பத்திரிகையை வாசிப்பவர்களை நேராகவே பாதிப்பது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, பட்டணம் அதனிடம் வந்து சேருகிறது. 2011ஆம் வருஷத்தில் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக உயர்த்தப்பட்டது. அவ்வாறு சேர்க்கப்பட்டவற்றுள் ஒரு தலைமுறைக்கு முன்வரை ஏரிப் பாய்ச்சலில் நெல் விளைந்த ஊர்கள் பல.

2. ஏரியும் அதன் குடிகளும்

தமிழ்நாட்டில் சிறியதும் பெரியதுமாக 39,000 ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. முந்திய செங்கற்பட்டு ஜில்லா, அதாவது இக்காலத்துச் செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் ஜில்லாக்கள் அடங்கிய பிரதேசத்தில் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்டவை உண்டு. அங்கே வற்றாத ஆறு இல்லை. வருஷத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள வடகிழக்குப் பருவத்தில், சில நாட்களிலேயே கொட்டிவிடுகிறது. அதைத் தேக்கி வைத்தால்தான் பயிரும் குடியும் உண்டு.

ஏரி என்றால் கரையும் நீரும் மட்டுமல்ல. மேட்டிலிருந்து நீரைக் கொண்டுவரும் வரத்துக் கால்வாய், நீர் பரந்து நிற்கும் உள்வாய், பாசனத்துக்கு நீர் விடும் மதகு, மிகுந்த நீரை வெளியேற்றும் கலங்கல், அந்நீரை அடுத்த ஏரிக்குக் கொண்டுசெல்லும் கால்வாய், கரைக்குக் கீழே உள்ள ஆயக்கட்டு ஆகிய யாவும் சேர்ந்ததே ஏரி. ஓர் ஏரியின் கலங்கல் நீர் அடுத்த ஏரிக்கு வரத்து நீராகும். இவ்வாறு பல ஏரிகள் சங்கிலி போல் தொடர்ந்து, கடைசியில் ஆற்றையோ சதுப்பு நிலத்தையோ கடலையோ அடைகின்றன. ஆகவே சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மேலூருக்கும் கீழூருக்கும் நஷ்டம்.

இவையெல்லாம் மண்ணாலும் கல்லாலும் ஆன அங்கங்கள். இவற்றைத் தவிர ஏரிக்கு வேறோர் அங்கமும் உண்டு. அது ஊராரின் ஏற்பாடு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் வருஷங்களில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியம் என்பது ஒன்று என்று தெரிவிக்கின்றன. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் எஞ்ஜினீயர் செங்கற்பட்டுப் பிரதேசத்துக் கிராமங்களை அளந்தபோது, களத்து நெல்லில் இன்னின்ன ஊழியத்துக்கு இவ்வளவு என்று பங்கு ஒதுக்கும் வழக்கம் எழுதி வைக்கப்பட்டது. அப்பங்குகளுள் ஏரி பராமரிப்புக்கு உரியதும் ஒன்று. மதகைத் திறந்து முறைப்படி நீர் பாய்ச்சுவதற்கு நீர்க்கட்டி என்னும் ஊழியர் இருந்தார். கரையில் எலி வளை கண்டால் அடைப்பதும், மழைக்கு முன் கால்வாயை வெட்டிச் சுத்தம் செய்வதும் ஊராரின் கடமை. இதற்கே குடிமராமத்து என்று பெயர்.

இந்த ஏற்பாட்டின் உட்பொருள் எளிது. ஏரி நிறைந்தால் களம் நிறையும். கரை உடைந்தால் தன் நிலமே முதலில் கெடும். நீரை உண்பவரும் நீரைக் காப்பவரும் ஒரே ஊரார் ஆதலால், எவரும் மேலிருந்து ஆணையிடாமலே வேலை நடந்தது.

3. பழைய ஏற்பாட்டின் குறைகள்

எனினும் பழைய காலத்தை முற்றிலும் பொற்காலம் என்று எண்ணிவிடலாகாது. கரைக்கு மண் சுமந்தவர்களில் பலருக்கு ஆயக்கட்டில் ஒரு குழி நிலமும் இல்லை. அவர்கள் உழைப்பின் பயன் பெரும்பாலும் நிலமுடையோருக்கே சென்றது. குடிமராமத்து தளர்ந்தபோது சர்க்கார் 1858இல் கட்டாய வேலைச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. சட்டம் வந்ததே மனமுவந்து செய்யும் வழக்கம் குறைந்துவிட்டதற்கு அடையாளம். பிற்காலத்தில், 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உடைய ஏரிகள் பொதுப்பணி இலாகாவிடமும், அதற்குட்பட்டவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் சேர்ந்தன. கிணற்றில் மின்சார மோட்டார் வைத்த பட்டாதாருக்கு மதகின் முறைக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லாமற்போயிற்று. இக்காலத்தில் தமிழ்நாட்டின் பாசன நிலத்தில் பாதிக்கு மேல் கிணற்றுப் பாய்ச்சலே.

ஆகவே பட்டணம் வருவதற்கு முன்பே ஏரிக்கும் ஊராருக்கும் இருந்த கட்டு நெகிழ்ந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நெகிழ்ந்திருந்த கட்டைப் பட்டணத்தின் வரவு அவிழ்த்துவிடுகிறது. அது நடக்கும் விதத்தைப் படிப்படியாக அறிந்துகொள்வது பயன்படும்.

4. ஓர் ஊர் மாறும் விதம்

உதாரணமாக, பட்டணத்துக்கு இருபது மைல் தூரத்தில், 100 ஏக்கர் நீர்பரப்பும் 200 ஏக்கர் ஆயக்கட்டும் உடைய ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம்.

முதற்படியில், ஊருக்கு அருகே புதிய சாலை போடப்படுகிறது. நிலத்தின் விலை, அது விளைக்கும் நெல்லின் மதிப்பைப் போல் பன்மடங்காக உயருகிறது. கடைமடையில் நீர் சரியாக எட்டாத நிலமுடையவர், மகளின் கலியாணத்துக்கோ பழைய கடனுக்கோ முதலில் விற்கிறார். அவர் செய்தது தவறென்று எவரும் சொல்ல இயலாது.

இரண்டாம் படியில், விற்ற நிலம் மனைகளாகப் பிரிக்கப்படுகிறது. மனைப் பிரிவின் வழியே சென்ற பாசனக் கால்வாய் மண்ணிட்டு மூடப்பட்டுத் தெருவாகிறது. அதற்கப்பால் நிலம் வைத்திருப்பவர் பயிரிட விரும்பினாலும் நீர் வருவதற்கு வழியில்லை. ஆகவே அவரும் விற்கிறார். ஆயக்கட்டு கடைமடையிலிருந்து மதகை நோக்கிச் சுருங்குகிறது.

மூன்றாம் படியில், ஆயக்கட்டு 200 ஏக்கரிலிருந்து 30 ஏக்கராகக் குறைந்தபின், கரையைக் காக்கும் கவலை 30 ஏக்கர்க்காரருக்கு மட்டுமே. நீர்க்கட்டிக்குப் பங்கு கொடுப்பார் இல்லை. மதகு துருவேறித் திறக்கமுடியாமல் நிற்கிறது. வரத்துக் கால்வாயில் முட்புதர் மண்டுகிறது.

நான்காம் படியில், பயன்படாத ஏரி என்று பெயர் ஏற்படுகிறது. உள்வாயில் குடிசைகளும், அதன்பின் கட்டிடங்களும் எழுகின்றன. கழிவுநீரும் குப்பையும் அங்கே விடப்படுகின்றன. தாழ்ந்த இடத்தில் வீடு கட்டியவர்கள், ஏரி நிரம்பினால் தங்கள் தெருவில் நீர் நிற்கிறதென்று முறையிடவே, கலங்கல் தாழ்த்தப்படுகிறது. தேங்க வேண்டிய நீர் தேங்காமல் ஓடுகிறது.

ஐந்தாம் படியில், ஏரி நிறையாததால் அதன் கசிவால் ஊறிவந்த கிணறுகள் வற்றுகின்றன. ஆழ்துளைக் கிணறு 100 அடி, 300 அடி, 600 அடி என்று இறங்குகிறது. வேனிலில் தண்ணீர் லாரி வருகிறது. பெருமழையில் அதே தெருக்களில் படகு வருகிறது.

இந்த ஐந்து படிகளிலும் தீய எண்ணத்தோடு செய்தவர் மிகச் சிலரே. ஒவ்வொருவரும் தம் குடும்பத்துக்கு நியாயமானதையே செய்தனர். ஆனால் ஏரியை நினைத்துச் செய்தவர் ஒருவரும் இல்லை. ஏனெனில் ஏரியால் வாழ்கிறோம் என்று எண்ணுவதற்கு எவருக்கும் கண்முன்னான காரணம் மிஞ்சவில்லை.

5. ஓர் ஏக்கரின் நீர்க் கணக்கு

வயலைக் காட்டிலும் வீடுகளுக்கு அதிக நீர் செலவாவதால்தான் பஞ்சம் உண்டாகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். இது சரிதானா என்று கணக்குப் பார்க்கலாம்.

ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி ஆழம் நிற்கும் நீர் 43,560 கன அடி. அதாவது ஏறக்குறைய 12⅓ லட்சம் லிட்டர். ஒரு போக நெல்லுக்கு மழையும் பாய்ச்சலுமாகச் சுமார் 4 அடி நீர் வேண்டும் என்று கொண்டால், ஓர் ஏக்கருக்கு 49 லட்சம் லிட்டர் ஆகிறது. நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் திட்டமிடுவோர் கொள்ளும் அளவு. வருஷத்துக்கு அது ஏறக்குறைய 49,000 லிட்டர். எனவே ஓர் ஏக்கர் நெல்லுக்குச் செலவாகும் நீர் நூறு பேருக்கு ஒரு வருஷத்துக்குப் போதும்.

அந்த ஏக்கர் மனையாகப் பிரிக்கப்பட்டால் 18 கிரவுண்டு. தெருவுக்கும் பொது இடத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு போக, 12 மனைகள் மிஞ்சும். மனைக்கு ஒரு வீடும் வீட்டுக்கு நான்கு பேருமாக வைத்தால் 48 பேர். அவர்களுக்கு வேண்டிய நீர் 24 லட்சம் லிட்டருக்கும் குறைவு; அதாவது நெற்பயிர் கொண்டதில் பாதியே. அடுக்குமாடி எழும்பினால்தான் கணக்கு மாறும்.

மழைக் கணக்கும் இவ்வாறே. சென்னையை அடுத்த பிரதேசத்தில் வருஷத்துக்குச் சுமார் 130 சென்டிமீட்டர் மழை என்று வைத்தால், அந்த ஓர் ஏக்கரின்மேல் விழும் நீர் மட்டும் 52 லட்சம் லிட்டருக்கு மேற்பட்டது. குடியிருப்போரின் தேவையைப் போல் அது இரண்டு மடங்கு.

அவ்வாறிருக்க, பஞ்சம் எங்கிருந்து வருகிறது? விடை யாதெனில், நீரின் அளவில் அன்று, நீரின் வழியில் குறை ஏற்பட்டிருக்கிறது. நெல் வயலில் கட்டிய நீரில் ஒரு பங்கு மண்ணில் இறங்கிக் கிணறுகளுக்கே திரும்பிச் சேர்ந்தது. குடியிருப்போ தனக்கு வேண்டியதை நிலத்தடியிலிருந்து எடுக்கிறது. எடுத்ததில் ஐந்தில் நான்கு பங்கைக் கழிவுநீராக வெளியேற்றுகிறது. தன்மேல் விழும் மழையைக் கூரையும் தார்ச்சாலையும் வழியாகச் சில மணி நேரத்தில் வடித்துவிடுகிறது. எடுப்பது ஓரிடம், விடுவது வேறிடம், சேமிப்பது எங்குமில்லை என்றாகிறது.

மேற்சொன்ன 100 ஏக்கர் ஏரியில் சராசரி 5 அடி நீர் நின்றால் 500 ஏக்கர்-அடி. ஆவியாதலுக்கும் கசிவுக்கும் பாதியைத் தள்ளினாலும், மீதி 60 ஏக்கர் நெல்லுக்கு ஆகும்; அல்லது 6,000 பேருக்கு ஒரு வருஷத்துக் குடிநீருக்கும் வீட்டு உபயோகத்துக்கும் போதும். அதே ஏரியில் ஓரடி வண்டல் படிந்தால் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆகவே ஊர் மனையாக மாறியபின் ஏரி தேவையில்லை என்பது பெரும் பிழை. நெல்லுக்கு உதவிய ஏரி குடியிருப்புக்கும் அவ்வளவே வேண்டியது.

6. சென்னைப் பட்டணத்தின் அனுபவம்

மேற்கண்டவை வெறும் கணக்கல்ல என்பதற்குச் சென்னையே சாட்சி. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்ட ஏரி ஒன்று இருந்தது. 1920க்குப் பின் வந்த வருஷங்களில் அது தூர்க்கப்பட்டு, அவ்விடத்தில் தியாகராய நகரம் உண்டாயிற்று. மாம்பலத்தில் ஏரியின் பெயர் கொண்ட வீதி இன்றும் இருக்கிறது, ஏரி இல்லை. பின்னாளில் முகப்பேர், அம்பத்தூர் முதலிய இடங்களில் ஏரித் திட்டம் என்ற பெயராலேயே வீட்டு மனைகள் ஏற்படுத்தப்பட்டன. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், பல ஏரிகளின் கலங்கல் நீரை வாங்கிக் கடலுக்கு விட்டு வந்தது. கட்டிடங்களாலும் குப்பைக் கிடங்காலும் அதன் பெரும்பகுதி மறைந்து, சிறு பகுதியே மிஞ்சிற்று. மிஞ்சியதை 2022இல் சர்வதேச முக்கியத்துவம் உடைய ராம்சர் ஈரநிலமாக அங்கீகரித்தார்கள்.

பக்கத்திலுள்ள ஏரிகளை இழந்ததோடு, பட்டணம் தூரத்து நீரையும் தேடிச் சென்றது. 1872இல் செங்குன்றத்து ஏரியிலிருந்து குடிநீர் கொண்டுவரப்பட்டது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. 1983இல் ஆந்திர சர்க்காருடன் செய்த உடன்படிக்கையின்படி கிருஷ்ணா நதி நீர் 1996இல் வந்து சேர்ந்தது. 2004 முதல் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வீராணம் ஏரியிலிருந்து குழாய் மூலம் நீர் வருகிறது. 2010இல் மீஞ்சூரை அடுத்தும், 2013இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் தொடங்கப்பட்டன. இவற்றால் செலவு பொதுவாக ஏறிக்கொண்டே வந்ததைக் கவனிக்க வேண்டும்.

விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது மற்றொன்று. பட்டணத்துக்கு வடக்கே ஆரணியாறு, கொசஸ்தலையாறு பாயும் பிரதேசத்தில், பட்டணத்துக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் நிலத்தடி நீர் மிகுதியாக இறைக்கப்பட்டது. மீஞ்சூர்ப் பக்கத்தில் நன்னீர் குறைந்தபோது கடல்நீர் உள்ளே புகுந்து, பல கிலோமீட்டர் தூரம் வரை கிணறுகள் உவர்ப்பாயின. இதைத் தடுக்கும்பொருட்டு 1987இல் நிலத்தடி நீர் ஒழுங்குச் சட்டம் பிறந்தது. ஆயினும் 2000க்குப் பின் வந்த வறட்சிகளில் விவசாயக் கிணறுகளிலிருந்தே பட்டணத்துக்கு நீர் விலைக்கு வாங்கப்பட்டது. நீரை விற்ற பட்டாதாருக்குப் பயிரைவிட அதிகப் பணம் கிடைத்தது உண்மை. ஆனால் நிலமில்லாத கூலிக்காரருக்கு நடவும் களையும் அறுப்பும் இல்லாமற்போயின. அடுத்த நிலத்துக்காரரின் கிணற்று நீர்மட்டமும் இறங்கிற்று. ஒரு கிணற்றின் வாய் ஒருவருடையதாயினும், அதன் அடி ஊர் முழுவதற்கும் பொது.

2015ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதியன்று பெய்த மழை தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். அடையாற்றின் மேற்பக்கத்து ஏரிகள் பல உடைந்தும் வழிந்தும் ஓடின. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. முடிச்சூர், வரதராஜபுரம் முதல் சைதாப்பேட்டை வரை வீடுகள் மூழ்கின. அப்பருவ மழையில் தமிழ்நாட்டில் நானூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நான்கே வருஷங்களில், 2019 ஜூன் மாதத்தில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிப்போக, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் கொண்டுவரப்பட்டது. ஒரு ரயில் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். மேற்சொன்ன கணக்கின்படி, இது இரண்டு ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழம் நிற்கும் நீரே.

7. அறிஞர் ஆராய்ச்சி

ஜனத்தொகை பெருகும் வேகத்துக்கு உணவு பெருகாது என்று 1798இல் இங்கிலாந்தில் மால்தஸ் என்பவர் எழுதினார். 1968இல் அமெரிக்காவில் கேரட் ஹார்டின் என்பவர், பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தமக்கு ஒரு மாடு கூட்டிக்கொண்டே போனால் முடிவில் நிலமே அழியும் என்று வாதித்தார். பொதுச்சொத்து எதுவும் ஜனப்பெருக்கத்தில் அழிந்தே தீரும் என்று இதனால் பலரும் கருதலாயினர்.

எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார் இதைச் சோதித்துப் பார்த்தார். ஸ்பெயின் தேசத்து வலென்சியாவின் பாசனக் கால்வாய்கள், பிலிப்பைன்ஸ் தீவுகளின் பாசனச் சங்கங்கள், சுவிட்ஜர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்கள் முதலியவற்றைப் பற்றி ஆராய்ந்து, அவற்றுட் சில பல நூற்றாண்டுகளாக அழியாமல் இருப்பதை 1990இல் வெளியிட்ட நூலில் எடுத்துக் காட்டினார். 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அவர் கண்ட பொது அமிசங்களாவன: எல்லை தெளிவாக இருத்தல், பயன்படுத்துவோர் யார் யார் என்பது நிச்சயமாயிருத்தல், விதிகளை அவர்களே கூடி வகுத்தல், கண்காணிப்பவர் அவர்களுக்குப் பொறுப்பாயிருத்தல், மீறினோர்க்குச் சிறிதிலிருந்து தொடங்கி ஏறும் தண்டனை. எல்லைக்கல், ஆயக்கட்டுக் கணக்கு, ஊர்க் கூட்டம், நீர்க்கட்டி, அபராதம் என்று இவற்றைத் தமிழில் சொல்லிவிட்டால், ஏரிப் பாசன விவசாயிக்கு இது புதிய சங்கதியன்று என்பது விளங்கும்.

பட்டணத்தாரும் கடமையை ஏற்பார்கள் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் நல்ல மழை பெய்த வருஷங்களில் சென்னையில் பல கிணறுகளின் நீர்மட்டம் உயர்ந்தது. கூரைநீரைத் தன் கிணற்றுக்கே விட்டவருக்கு, உபயோகிப்பவரும் காப்பவரும் ஒருவரே என்ற பழைய கட்டு மீண்டும் உண்டாயிற்று.

8. பட்டாதார்கள் செய்யத்தக்கவை

(அ) நிலத்தை விற்க நேரிட்டால், அதன் வழியே செல்லும் கால்வாயை விற்கலாகாது. புறம்போக்குக் கால்வாய் எவருக்கும் சொந்தமன்று. பட்டா நிலத்து வாய்க்காலாயினும் கீழ் நிலத்தாரின் நீர்வழி உரிமையைப் பத்திரத்தில் எழுதி வைக்க வேண்டும்.

(ஆ) ஆவணி முடிவதற்குள் வரத்துக் கால்வாயையும் மதகையும் கலங்கலையும் ஊரார் கூடிப் பார்வையிட வேண்டும். கலங்கலின் உயரத்தை எவரும் தம் இஷ்டப்படி தாழ்த்தவோ உயர்த்தவோ இடங்கொடுக்கலாகாது.

(இ) அதிகாரிகளின் அனுமதி பெற்று, ஏரி வண்டலை வயலுக்கு அடிக்கலாம். வயலுக்கு உரமும் ஏரிக்கு ஆழமும் ஒரே வண்டியில் கிடைக்கும். கரையை அடுத்து மண் எடுப்பது கரைக்கு ஆபத்தாகையால் அதை விலக்க வேண்டும்.

(ஈ) மனை வாங்கிக் குடிவந்தவர்களை அந்நியர் என்று ஒதுக்காமல், ஏரிக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். இப்பாடத்தில் முதன்மையானது இதுவே. ஏரிக்குக் குடிகள் குறைந்ததே நோய்; புதுக் குடிகளைச் சேர்ப்பதே மருந்து. ஏரி நிறைந்தால் தம் கிணற்றில் எத்தனை அடியில் நீர் நிற்கிறது என்பதை ஒரு வருஷம் அளந்து காட்டினால், அவர்களும் கரைக்கு வந்து நிற்பார்கள். மண் வெட்டுபவர்களுக்கு நியாயமான கூலியும், கூட்டத்தில் பேசும் உரிமையும் இருக்க வேண்டும்; பழைய குடிமராமத்தின் குறை மீண்டும் வரலாகாது.

9. கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்க வேண்டியவை

பரம்பரைக் கர்ணம் பதவி 1980இல் நீக்கப்பட்டபின், ஏரியின் எல்லையை மனத்தில் வைத்திருந்த மனிதர் மறைந்து, ஏட்டில் உள்ளது மட்டுமே மிஞ்சிற்று. ஆகவே கிராம நிர்வாக அலுவலரின் ஏடு முன்னைவிட முக்கியமாகிறது.

(அ) நீர்நிலைப் புறம்போக்குகளை ‘அ’ பதிவேட்டோடும் புலப்படத்தோடும் ஒப்பிட்டு, எல்லைக் கற்கள் இருக்கின்றனவா என்று வருஷந்தோறும் நேரில் பார்க்க வேண்டும். கல் இல்லாத இடத்தை உடனே நில அளவையருக்குத் தெரிவிக்க வேண்டும்.

(ஆ) ஏரியைக் காட்டிலும் எளிதில் மறைவது வரத்துக் கால்வாய். பத்தடி அகலமுள்ள கால்வாயை ஒரே இரவில் தூர்த்துவிடலாம். ஆகவே புதிய மனைப் பிரிவைப் பற்றி விசாரணை வரும்போது முதலில் கால்வாய்களைக் குறிக்க வேண்டும்.

(இ) 2007ஆம் வருஷத்து ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் அளவைக்கும் எல்லை நிர்ணயத்துக்கும் அகற்றுதலுக்கும் வழிவகுத்திருக்கிறது. ஆக்கிரமிப்பு அஸ்திவாரமாக இருக்கும்போதே தெரிவிப்பது நலம். ஐம்பது குடும்பங்கள் குடியேறியபின் தெரிவிப்பது, கதியற்றவர்களுக்கே துன்பமாக முடியும். காலதாமதத்தின் செலவை அதிகாரி கொடுப்பதில்லை, ஏழை கொடுக்கிறார்.

(ஈ) ஒவ்வொரு வருஷமும் ஏரியின் அதிகபட்ச நீர்மட்டத்தையும், கலங்கல் வழிந்த தேதியையும் எழுதி வைக்க வேண்டும். பத்து வருஷத்துக் குறிப்பு இருந்தால், வெள்ளம் எந்தத் தெருவுக்கு வரும் என்பதை முன்னதாகவே சொல்லிவிடலாம்.

ஜனங்கள் பட்டணத்துக்கு வருவதை எவரும் தடுக்க முடியாது. பட்டணம் கிராமத்துக்கு வருவதையும் முழுதும் தடுக்க முடியாது. ஆனால் அது வந்து சேரும்போது கரையும் கலங்கலும் கால்வாயும் தத்தம் இடத்தில் இருக்கின்றனவா என்பது, அதற்கு முந்திய சில வருஷங்களில் ஊரார் செய்ததைப் பொறுத்தது. மழையோ ஜனத்தொகையைக் கேட்டுப் பெய்வதில்லை. ஏரிக்கரையில் நிற்கும் எல்லைக்கல் ஒன்றை இந்த ஆவணிக்குள் தேடிக் கண்டுபிடித்துச் சுண்ணாம்பு அடித்து வைக்கும் ஊர், ஐப்பசி மழையைத் தைரியத்தோடு எதிர்நோக்கலாம்.